சும்மா நின்றுபோகும் பெட்டி

பனச்சமூட்டில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஷெர்லிக்கு அறவே பிடிக்காத சொல் ஒன்று உண்டு. 'சும்மா.' தமிழில் சொன்னாலும் அதேதான், மலையாளத்தில் சொன்னாலும் அதேதான். எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரனும் இந்தப் பக்கத்துக்காரனும் வேறு எதில் ஒத்துப்போனாலும் போகாவிட்டாலும் இந்த ஒரு சொல்லில் ஒத்துப்போவான். லேப்டாப்பைக் கொண்டுவந்து மேசையில் வைப்பான். என்ன செய்தபோது கெட்டது என்று கேட்டால், "ஒண்ணும் செய்யல்ல, சும்மா இருந்தாப்புல போச்சு" என்பான். கழற்றிப் பார்த்தால் உள்ளே சாயா சீனியோடு உறைந்து கிடக்கும். சும்மாவாம், சும்மா!

அதனால் குளத்தூர் ஐஸ் பிளான்டில் பகல் வேலைக்கு இருக்கும் பெர்த்தா கூப்பிட்டு அந்தச் சொல்லைச் சொன்னபோதெல்லாம் ஷெர்லிக்கு உச்சி மண்டையில் ஏறியது.

"மக்கா, பெட்டி பின்னையும் நிண்ணுப் போச்சு."

"என்ன செய்தீங்க எக்கா?"

"நான் ஒண்ணும் செய்யல்ல மக்கா. சும்மா நிண்ணுப் போச்சு."

பெட்டி என்றால் பெரிய பெட்டி ஒன்றும் இல்லை. சோற்றுப்பாத்திரம் அளவுக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர், மானிட்டருக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். ஐஸ் பிளான்டின் குளிர் அறைக்குள் ஒரு சென்சர் இருக்கிறது. அது சொல்லும் சூட்டைத் திரையில் காட்டிக்கொண்டே இருப்பதும், சூடு ஏறினால் முதலாளி கிருஷ்ணன்குட்டியின் போனுக்கு மெசேஜ் அனுப்புவதும்தான் அதன் வேலை. கடற்கரைக்காரர்களின் மீன் முழுக்க அந்த அறையில் இருக்கிறது. சூடு ஏறியது தெரியாமல் போனால் அத்தனையும் நாறிவிடும்.

வருஷக்கணக்காக ஒழுங்காக ஓடிய பெட்டிதான். மெசேஜ் அனுப்புகிற புரோகிராம் ஒருநாள், இந்தப் பழைய ஓ.எஸ்.ஸில் இனி ஓடமாட்டேன் என்று கையை விரித்தது. புதுப் பெட்டி வாங்குங்கள் என்று ஷெர்லி சொன்னாள். கிருஷ்ணன்குட்டி நெஞ்சில் கைவைத்தார். "எந்தினு? இது நல்ல பெட்டியல்லே! நீ உள்ளதில் புதுசு ஏத்திக் கொடு." ஷெர்லியும் ரோஷக்காரி. முடியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. லினக்ஸ் என்கிற புது ஓ.எஸ். ஒன்றை ஏற்றப் புறப்பட்டாள்.

ஏற்றுவதே பெரும் பாடாகிப் போனது. அந்தப் பெட்டியின் பிராசசர் அறுபத்துநாலு பிட். ஆனால் ஆன் செய்தவுடன் அதை எழுப்பிவிடுகிற புரோகிராமுக்கு முப்பத்திரண்டு பிட் மட்டும்தான் தெரியும். வீட்டுக்குள்ளே கட்டில் போட இடம் உண்டு, ஆனால் வாசலில் கட்டில் நுழையாது என்கிற கதை. இப்படி ஒன்றைச் செய்து விற்றவனை ஷெர்லி நாலு தலைமுறைக்குத் திட்டினாள். பிறகு அந்தச் சின்ன வாசலுக்குத் தக்க ஒரு கோப்பைத் தேடிப்பிடித்து வைத்து, கட்டிலை எப்படியோ சாய்த்து உள்ளே நுழைத்துவிட்டாள். பெட்டி எழுந்தது. மெசேஜ் போனது. அன்றைக்கு ஷெர்லி ஸ்கூட்டரில் பாட்டுப் பாடிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அதற்குப் பிறகுதான் நிற்கத் தொடங்கியது.

அதுவும் எப்போது? பகலில் மட்டும். ராத்திரி மிஷின் ஓட்டுகிற கனகதாஸ் இருக்கும்போது பெட்டி கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் வேலை செய்யும். காலையில் அவன் இறங்கி, பகலெல்லாம் திரையைப் பார்த்துக்கொள்கிற பெர்த்தா வந்து நாற்காலியில் உட்கார்ந்தால், மத்தியானத்துக்கு முன்னால் திரை உறைந்துவிடும். மவுஸ் அசையாது. கீபோர்டைத் தட்டினால் ஒன்றும் நடக்காது. சுவிட்சை அணைத்துப் போட்டால்தான் உயிர் வரும். இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? பெட்டி ஒன்று, ஆள் இரண்டு. ஒருவரிடம் ஒழுங்காக ஓடுகிறது, மற்றவரிடம் நின்றுபோகிறது. பெர்த்தா ஏதோ நோண்டுகிறாள் என்று ஷெர்லி முடிவுகட்டினாள்.

பெர்த்தாவுக்கு ஒரு பழக்கமும் இருந்தது. வேலைக்கு வந்ததும் பெட்டியில் மாதா பாட்டு போட்டுவிட்டுத்தான் உட்காருவாள். புது ஓ.எஸ். ஏற்றிய அன்றே ஷெர்லி அதைக் கண்டு விரலை நீட்டிச் சொல்லியிருந்தாள்: "எக்கா, இது பாட்டுப் பெட்டி இல்ல, கேட்டீங்களா? இனி ஒரு விரலும் இதுல படக்கூடாது."

"படாது மக்கா" என்று பெர்த்தா சத்தியம் செய்தாள். ஆனாலும் பெட்டி நின்றது. நிற்கும்போதெல்லாம் ஷெர்லி காரக்கோணம், பாறசாலை என்று குண்டும் குழியும் ஏறி இறங்கி குளத்தூருக்கு ஓடினாள். வந்து உட்கார்ந்தால் அந்தச் சவம் பிடித்த பெட்டி நல்ல பிள்ளையாக ஓடும். மெமரியை மாற்றினாள். அடாப்டரை மாற்றினாள். தூசி ஊதினாள். மெமரி டெஸ்ட் போட்டு மணிக்கணக்கில் ஓடவிட்டாள், ஒரு பிழை காட்டவில்லை. பிராசசருக்குச் சுமைமேல் சுமை ஏற்றி மூச்சுமுட்ட வைத்துப் பார்த்தாள், அசரவில்லை. தலையால் தண்ணீர் குடித்தாள் என்றே சொல்லலாம். சரியாகிவிட்டது என்று எழுந்து கிளம்பி உச்சக்கடையைத் தாண்டுவதற்குள் போன் அடிக்கும். "மக்கா…"

எல்லாம் பொறுத்துக்கொள்ளலாம், அந்த வியாழக்கிழமை நடந்ததைப் பொறுக்க முடியாது. கம்ப்ரசர் இடையில் நின்றுவிட்டது. பெட்டி அதற்கு முன்பே உறைந்துபோயிருந்தது. உறைந்த திரையில் கடைசியாகக் காட்டிய குளிர் அப்படியே நின்றது. பெர்த்தா ஓரத்துக் கடிகாரம் நின்றதைக் கவனிக்காமல் அந்த எண்ணையே பார்த்துப் பார்த்து, ரெண்டு டிகிரி, நல்ல குளிர்தான் என்று நிம்மதியாக இருந்தாள். முதலாளியின் போனுக்கு ஒரு மெசேஜும் போகவில்லை. சாயங்காலம் கதவைத் திறந்தபோது வெளியே வந்த வாடையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலை அடைத்தார்கள். மீன்காரப் பெண்கள் கிருஷ்ணன்குட்டியின் வீட்டு வாசலில் போய் நின்று கேட்ட கேள்விகள் அச்சில் ஏற்றக்கூடியவை அல்ல.

மறுநாள் காலை அவர் ஷெர்லியைக் கூப்பிட்டார். குரலில் தேன் இல்லை.

"ஷெர்லீ, இன்னு தீர்மானம் வேணும். ஒண்ணுகில் உனக்க வேலை சரியில்ல. அல்லேல் அவளுக்க கை சரியில்ல. எது?"

"எனக்க வேலை சரிதான்" என்றாள் ஷெர்லி. சட்டென்று வந்துவிட்டது. அதன் அர்த்தம் என்ன என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது. பெர்த்தாவின் புருஷன் நிக்கோலஸ் வள்ளத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு போய்க் கட்டிலில் கிடக்கிறவர். அந்த வீட்டு அடுப்பு பெர்த்தா ஐஸ் பிளான்டில் உட்காருகிற அந்த ஒற்றை நாற்காலியை நம்பித்தான் எரிகிறது.

இருந்தாலும் அதற்கு நான் என்ன செய்ய, ஒரு விரல் வைக்காதே என்று சொன்னால் கேட்க வேண்டாமா என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

ஐஸ் பிளான்டில் கிருஷ்ணன்குட்டி கைகட்டி நின்றுகொண்டிருந்தார். பெர்த்தா சுவரோடு ஒட்டி நின்றாள். முகம் அழுது வீங்கியிருந்தது, ஆனால் தலை குனியவில்லை.

"ஞான் ஒண்ணே ஒண்ணு சொல்லுதேன்" என்றார் முதலாளி. "தொட்டது நான்தான்னு சம்மதிச்சா, போட்டும், இந்த ஒரு தடவை விட்டிருதேன்."

ஷெர்லிக்கு அப்பாடா என்று இருந்தது. பெர்த்தாவின் அருகே போய், "எக்கா, சம்மதிச்சிருங்க. தொட்டேன்னு ஒரு வார்த்தை. வேலையும் போகாது, எனக்கும் இந்த ஓட்டம் தீரும்" என்றாள்.

"தொட்டா தொட்டேன்னு சொல்லுவேன்" என்றாள் பெர்த்தா. "தொடாததை எப்படிச் சொல்ல? ஞாயிறாழ்ச்ச பூசைக்குப் போய் நற்கருணை வாங்குத வாய் மக்கா இது."

"பாத்தியா? வேலையை விட வாய்தான் பெரிசு!" கிருஷ்ணன்குட்டி கையை உதறினார். "சாயங்காலம் வரை டைம். அது கழிஞ்சா அவ வீட்டுக்குப் போவட்டும்." முற்றத்தில் ஐஸ் ஏற்ற வந்து நின்ற வண்டியைப் பார்க்கப் போய்விட்டார்.

ஷெர்லி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். பெட்டி அவள் எதிரே இளித்துக்கொண்டு ஓடியது. கோபத்தில் அழுகை வரும்போல் இருந்தது.

"எக்கா, ஒங்களுக்கு என்னதான் வேணும்? அந்த ஒரு வார்த்தை சொன்னா பல்லா உதிரும்? கனகதாஸ் இருக்கும்போ நிக்கல்ல, நான் இருக்கும்போ நிக்கல்ல, நீங்க இருந்தா மட்டும் ஏன் நிக்குது? சொல்லுங்க!"

அதுவரை பொறுத்திருந்த பெர்த்தாவும் இப்போது குரலை உயர்த்தினாள்.

"எனக்கெப்படி மக்கா தெரியும்? நீ பாட்டு போடாதேன்னு சொன்ன, போடல்ல. தொடாதேன்னு சொன்ன, தொடல்ல. தூசி தொடைக்கக்கூடப் பயம். கையைக் கெட்டிக்கிட்டு நான் சும்மா இருந்தேன், அதும் சும்மா இருந்துது. அப்படி இருக்கச்சிலதான் நிண்ணுப் போச்சு. சும்மான்னா சும்மாதான். நீ எத்தனை வாட்டி கேட்டாலும் எனக்கு வேற சொல்லு இல்ல!"

ஷெர்லி பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

அதும் சும்மா இருந்துது.

சும்மா என்றால் காரணம் இல்லாமல் என்று இத்தனை நாளும் காதில் வாங்கியிருந்தாள். ஊர் முழுக்க அந்த அர்த்தத்தில் சொல்லித்தான் அவளிடம் பொய் பேசியிருக்கிறது. ஆனால் பெர்த்தா காரணத்தையே அல்லவா சொல்லிக்கொண்டிருந்தாள்! பெட்டி சும்மா இருந்தது. வேலை ஒன்றும் இல்லாமல் இருந்தது. அதனால் நின்றது. ஷெர்லி வந்தபோதெல்லாம் டெஸ்ட் போட்டாள், சுமை ஏற்றினாள், ஒரு நிமிஷம் அதைச் சும்மா இருக்க விட்டதில்லை. பின்னே எப்படி நிற்கும்?

"எக்கா, கனகதாஸ் நம்பர் உண்டா?"

கனகதாஸ் உறக்கத்திலிருந்து எழுந்து பேசினான். ராத்திரி பெட்டியில் என்ன செய்வாய் என்று கேட்டாள். ஒன்றும் செய்ய மாட்டேன் என்றான். ஷெர்லி கெட்ட வார்த்தைக்கு மிக அருகிலிருந்த ஒன்றைச் சொன்னாள். "சினிமா பாப்பேன் அக்கா" என்று உண்மை வந்தது. "விடியுத வரை. மொதலாளிட்ட சொல்லிராதீங்க."

நோண்டியவன் நல்லவனாகிவிட்டான், விரல் வைக்காதவள் வீட்டுக்குப் போக வேண்டும். நல்ல நியாயம்!

"இரியுங்க எக்கா" என்று இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "இனி ரெண்டுபேரும் ஒண்ணும் செய்யப்பிடாது."

உட்கார்ந்தார்கள். திரையின் ஓரத்தில் கடிகாரம் விநாடி விநாடியாக நகர்ந்தது. சும்மா இருப்பது லேசான காரியம் இல்லை. ஷெர்லியின் கை மவுஸுக்குத் தானாகவே போனது. பெர்த்தா அவள் மணிக்கட்டைப் பிடித்து மடியில் வைத்தாள். ஷெர்லி காலை ஆட்டினாள், நகத்தைக் கடித்தாள், உத்தரத்தைப் பார்த்தாள். கிருஷ்ணன்குட்டி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"இது எந்தா, ரெண்டும் சும்மா இரிக்குந்நே?"

"சும்மாதான் இருக்கோம் மொதலாளி. வேலை நடக்குது. தொந்தரவு செய்யாதீங்க."

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று ஏதோ சொல்லிக்கொண்டு அவர் போனார். ஷெர்லி காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெர்த்தா உதடு அசையாமல் ஜெபமாலை சொல்லத் தொடங்கினாள். முற்றத்தில் ஐஸ் பாளங்கள் வண்டியில் விழுந்த சத்தம் நின்றது. வண்டி கிளம்பிப் போனது. சுவரில் இருந்த கடிகாரத்தின் முள் நகர்ந்தது. திரையில் இருந்த கடிகாரத்தின் விநாடி நகரவில்லை.

ஷெர்லி மவுஸை அசைத்தாள். அம்பு அசையவில்லை.

"நிண்ணுப் போச்சு!" என்று கத்தினாள். வேலை கிடைத்தவள்போல் துள்ளி எழுந்து பெர்த்தாவைக் கட்டிப்பிடித்தாள். "எக்கா, நிண்ணுப் போச்சு! சும்மா நிண்ணுப் போச்சு!"

"இதைத்தானே நானும் சொன்னேன்?" என்றாள் பெர்த்தா. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால் பதில் கிடைக்க எவ்வளவு நேரம் ஆகும்? பிராசசரின் பெயரையும் சும்மா இருக்கும்போது உறைகிறது என்பதையும் போனில் தட்டியவுடன், ஊர் உலகமெல்லாம் இதே பிராசசரை வைத்துக்கொண்டு அழுதிருப்பது தெரிந்தது. வேலை இல்லாத நேரத்தில் கரண்டை மிச்சம் பிடிக்க இந்தப் பிராசசர் உறங்கும். உறக்கத்தில் படிகள் உண்டு. மேல்படியில் உறங்கினால் தட்டியவுடன் எழுந்துவிடும். அடிப்படிக்கு இறங்கிவிட்டால் சில நேரம் ஏறி வர வழி தெரியாமல் அங்கேயே கிடந்துவிடும். பழைய ஓ.எஸ். அதை அவ்வளவு ஆழத்துக்கு இறங்க விட்டதில்லை. புதியது விவரமானது, மிச்சம் பிடிக்கத் தெரிந்தது, அதனால் அடிவரை அனுப்பிவைத்தது. மருந்து ஒரே வரி. பெட்டி எழும்போதே, முதல் படிக்குக் கீழே இறங்காதே என்று சொல்லிவிட வேண்டும்.

ஷெர்லி பெட்டியை அணைத்துப் போட்டு, அந்த வரியைத் தட்டினாள். சேமித்து, ஒருமுறை மறுபடியும் எழுப்பினாள். பிறகு இரண்டுபேரும் இன்னொரு முறை சும்மா இருந்தார்கள். முன்னைவிட நெடுநேரம் இருந்தார்கள். பெர்த்தா கொண்டுவந்த கப்பைக்கிழங்கையும் மீனையும் பங்கிட்டுத் தின்றார்கள். திரையின் விநாடி ஒன்றுகூட நிற்கவில்லை.

சாயங்காலம் கிருஷ்ணன்குட்டி வந்தார். கிடைத்ததை ஷெர்லி சொல்லத் தொடங்கினாள். பெர்த்தா தொடவில்லை, தொடாததால்தான் நின்றது, கோளாறு பிராசசரில்தான், அதைக் கண்டுபிடிக்காதது தன் தப்பு என்று எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னாள். அவர் தலையாட்டிக் கேட்டார். முகம் தெளிந்தது. பெர்த்தாவைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தார்கூட.

"அப்போ அவ மேல குற்றம் ஒண்ணும் இல்ல."

"இல்ல மொதலாளி."

"நல்லது." கிருஷ்ணன்குட்டி மீசையைத் தடவினார். "அப்போ இனி பெட்டி தன்னால பாத்துக்கிடும், மெசேஜும் தன்னால வரும். பின்னே பகல் இவிடே ஆள் எந்தினு?"

பெர்த்தாவின் கையில் இருந்த பாத்திரம் மேசையில் இடித்தது.

பெட்டி கெட்டால் கெடுத்தவள் என்று வெளியே போ. பெட்டி சரியானால் நீ எதற்கு என்று வெளியே போ. இந்தப் பொம்பளை எந்தப் பக்கம் திரும்பினாலும் வாசல்தானா? அந்த ஒரு வரியைக் கண்டுபிடித்துத் தட்டியது இதற்குத்தானா? ஷெர்லிக்கு எரிச்சல் காதுவரை ஏறியது. ஆனால் கடைக்கு வருகிறவர்களின் பொய்யைக் கேட்டுக் கேட்டுப் பழகியதில் ஒரு லாபம், பொய் எப்படிச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். முகம் மாறாமல் சொல்ல வேண்டும்.

"அதைச் சொல்ல வந்தேன், நீங்க எங்க முழுசா கேட்டீங்க?" என்றாள். "சூக்கேடு எதுன்னு கண்டாச்சு. மருந்தில மாறுத நோய் இல்ல. இந்தப் பிராசசர் தனியா விட்டா உறங்கிப்போகும். பகல் முழுக்க பக்கத்துல ஆளிருந்து பாட்டு போட்டுட்டே இருக்கணும்."

"பாட்டா?"

"பாட்டு. படமும் போடலாம். ஆனா நிறுத்தப்பிடாது."

"அது தன்னால ஓடுமல்லோ?"

"கரண்ட் போனா? பாட்டு தீந்தா? இடையில நெட்டு நிண்ணா? ஆரு மாத்திப் போடுவா, சென்சரா?" ஷெர்லி பையைத் தோளில் மாட்டினாள். "ஆளு வேண்டாம்னா நல்ல புதுப் பெட்டி ஒண்ணு இருக்கு, நாளைக்கே கொண்டு வாறேன். கொண்டு வரட்டா?"

கிருஷ்ணன்குட்டியின் கை மறுபடியும் நெஞ்சுக்குப் போனது. பெட்டியைப் பார்த்தார், பெர்த்தாவைப் பார்த்தார், குளிர் அறைக் கதவைப் பார்த்தார். மீன்காரப் பெண்கள் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "பாட்டு போடதுக்குச் சம்பளம்! எனக்க காலம்!" என்று தலையில் அடித்துக்கொண்டார். "பெர்த்தா, கேட்டல்லோ? பாட்டு நிண்ணா நானாக்கும் கேப்பேன்." வாசலைத் தாண்டும்வரை புலம்பிக்கொண்டே போனார்.

அறையில் இரண்டுபேர் மட்டும் நின்றார்கள். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஷெர்லி நினைத்தாள். தொடாததைத் தொட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்ல மறுத்தவள் இவள். நாளைக்கு முதலாளி, பாட்டு இல்லாவிட்டால் உண்மையாகவே நிற்குமா என்று கேட்டால், நிற்காது என்று நேராகச் சொல்லிவிட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவாள்.

"உள்ளதா மக்கா?" என்று கேட்டாள் பெர்த்தா. "பாட்டு போட்டாத்தான் ஓடுமா?"

"உள்ளதாக்கும் எக்கா."

பெர்த்தா வேறொன்றும் கேட்கவில்லை. எப்படி என்றோ, இவ்வளவு நேரம் பாட்டில்லாமல்தானே ஓடியது என்றோகூடக் கேட்கவில்லை. தலையை ஆட்டினாள், முந்தானையால் கையைத் துடைத்தாள், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பயபக்தியோடு மவுஸைத் தொட்டாள். மாதா பாட்டு தொடங்கியது.

ஷெர்லி வெளியே வந்து ஸ்கூட்டரின் பக்கத்தில் நின்றாள். சாவியைப் போட்டாள், திருப்பவில்லை. யார்மேல் என்று தெரியாமல் கோபம் வந்தது. இந்த அக்கா எத்தனையோ நாள் போனில் உண்மையை மட்டும்தான் சொன்னாள், அதில் ஒன்றைக்கூட ஷெர்லி நம்பவில்லை. ஷெர்லி ஒரே ஒரு பொய் சொன்னாள், சொல்லி வாயை மூடுவதற்குள் இந்த அக்கா நம்பிவிட்டாள்.

ஜன்னலில் பெர்த்தாவின் தலை தெரிந்தது.

"மக்கா, சத்தம் இது போதுமா? இல்ல, அதுக்கு கேக்க இன்னும் கூட்டணுமா?"

"போதும் எக்கா" என்றாள் ஷெர்லி. பாட்டுச் சத்தத்தில் அது ஜன்னலுக்கு எட்டவில்லை. இன்னொரு முறை உரக்கச் சொன்னாள்.